நான்காம் குழிக்குப் போகும் வழி

இலிமனாக்
6 ஏப்ரல் 1998

அன்புள்ள தம்பி எனோக்குக்கு,

அக்கா பிபியானே எழுதுவது. நானும் உன் மருமகள் இவாலுவும் சுகம். நீயும் சுகமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். கங்கர்லுசுவாக் விமானத்தளத்துச் சாப்பாட்டைப் பற்றிப் போன தடவை நீ எழுதியதைப் படித்ததிலிருந்து அந்த நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் கண்டிருக்கிறது. காய்ந்த ஹாலிபட் மீன் ஒரு பொட்டலம் இத்துடன் வருகிறது. அறையில் இருக்கிற டேனிஷ்காரர்கள் வாடை என்று மூக்கைப் பிடித்தால் ஜன்னலைத் திறந்துகொள்ளச் சொல்.

உன் அத்தான் நேற்றுக் காலை உள்நாட்டுப் பெரும்பனிக்குக் கிளம்பிவிட்டார். பன்னிரண்டு நாய்கள், ஒரு சறுக்குவண்டி, பின்னால் பனி ஸ்கூட்டரில் பிரேபன் என்ற டேனிஷ்காரர். ஐந்து இடங்களில் ஆள் உயரத்துக்குக் குழி தோண்ட வேண்டுமாம். வாசலில் நின்று மண்வெட்டியைத் தூக்கிக் காட்டி ஒரே சிரிப்பு. "நாப்பத்திரண்டு வயசுல என்னைப் பனியில குழி தோண்டக் கூப்புட்டிருக்காங்க பிபியானே! சீல் வேட்டைக்குப் போறவன் கையில மண்வெட்டியைக் குடுத்த ஒரே ஆளு உன் தம்பிதான்" என்றார். இந்த வேலைக்கு அவர் பெயரைச் சொன்னது நீதான் என்பதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். பெருமைதான், கேலி மாதிரிச் சொல்கிறார்.

நீ மேலே பறந்து அளக்கிறாய், அவர் கீழே தோண்டி அளக்கிறார். ஒரே பனியை எதற்கு இரண்டு பேர் அளக்க வேண்டும்? இவாலு கேட்கிறாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி எழுது.

தினமும் காலையில் ரேடியோவில் அவரோடு நீ பேசுவாயாமே. உன் அத்தான் ரேடியோவை நம்ப மாட்டார், தூரத்தில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டும் என்று கத்துவார். பொறுத்துக்கொள்.

உடனே பதில் போடு. இந்த ஊர்க் கடையில் தபால் பையைப் பிரிப்பவள் நான்தான். எழுதினேன், வழியில் தொலைந்துபோயிருக்கும் என்கிற கதையெல்லாம் வேறு அக்கா இருந்தால் அவளிடம் சொல்.

அன்புடன்,
உன் அக்கா பிபியானே


கங்கர்லுசுவாக்
14 ஏப்ரல் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதமும் ஹாலிபட்டும் வந்தன. கடிதத்தை நான் படித்தேன், ஹாலிபட்டை எங்கள் விமானி தோர்கெயிர் தின்றுவிட்டான். ஐஸ்லாந்துக்காரனிடம் காய்ந்த மீனை ஒளித்துவைக்க முடியாது. நான் சுகம். இருமல் போய்விட்டது.

இவாலுவுக்கு: கண்ணு, பெரும்பனியில் ஒவ்வொரு வருஷமும் விழுகிற பனி அதற்கு முந்தின வருஷத்துப் பனி மேல் படிகிறது. கேக்கில் அடுக்கு அடுக்காக இருக்குமே, அப்படி. எங்கள் விமானத்தின் வயிற்றில் ரேடார் இருக்கிறது. அது கீழே ஒரு அலையை அனுப்பும். ஒவ்வொரு அடுக்கும் அந்த அலையில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். எனக்கு முன்னால் இருக்கிற திரையில் அது கோடு கோடாக விழும். இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு இடைவெளியோ அவ்வளவு பனி அந்த வருஷம் விழுந்திருக்கிறது. ஆனால் எந்தக் கோடு எந்த வருஷம் என்று கோட்டில் எழுதியிருக்காது. அதை உன் அப்பாதான் குழி தோண்டி, சுவரில் விரலை வைத்து, இது போன கோடை, இது அதற்கு முந்தின கோடை என்று சொல்ல வேண்டும். அவர் ஒரு குழியில் சொல்லிவிட்டால் நாங்கள் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நூறு மைல் போய்விடுவோம். இப்போது புரிகிறதா, யார் பெரிய ஆள் என்று?

அக்கா, அத்தானிடம் இதைச் சொன்னதுதான் தப்பு. நேற்று ரேடியோவில், "மச்சான், நான் விரலை வச்சாத்தான் உங்க மெசினுக்கே கண்ணு தெரியுமாமே!" என்று கத்தினார். இங்கே இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மூன்றாம் குழியில் ஒரு வருஷப் பனி எவ்வளவு என்று இருவரும் பந்தயம் கட்டியிருக்கிறோம். தோற்றவன் திமிங்கிலத் தோல், நல்ல மத்தாக்காக வாங்கித் தர வேண்டும். நான் திரையைப் பார்த்து ஒரு மீட்டர் பத்து என்றேன். அவர் வாயில் பனியைப் போட்டுப் பார்த்து ஒரு மீட்டர் இருபது என்றார்.

போன வாரம் ஒரு அவமானம் நடந்தது, உனக்கு மட்டும் சொல்கிறேன். திரையில் கவிழ்த்துவைத்த கிண்ணங்கள் மாதிரி வளைவு வளைவாக விழுந்தது. பனிக்குள் பிளவு மறைந்திருந்தால் அப்படித்தான் தெரியும் என்று படித்திருக்கிறேன். "பிளவு! பிளவு!" என்று கத்திவிட்டேன். எங்கள் தலைவி விபேகே ஓடிவந்தார். பார்த்தால் விமானம் திரும்பிக்கொண்டிருக்கிறது. சாயும்போது பக்கவாட்டிலிருந்து வருகிற எதிரொலி அப்படி வளைந்து விழுமாம். "வேட்டைக்காரப் பரம்பரை, எதைப் பாத்தாலும் துள்ளுது" என்று ஒருவன் சொன்னான். அதிலிருந்து தினமும் என் மேசையில் காபிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கிறார்கள். விமானத்தில் நம் ஊர்க்காரன் நான் ஒருவன்தானே. நானும் சிரித்துவைக்கிறேன்.

மே முதல் வாரத்தில் அத்தானை உன்னிடம் திருப்பி அனுப்பிவிடுவோம்.

அன்புத் தம்பி
எனோக்


கங்கர்லுசுவாக்
8 மே 1998

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இவாலு சாப்பிடுகிறாளா?

தொலைபேசியில் நான் சரியாகச் சொல்லவில்லை. நடந்ததைக் காகிதத்தில் சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் இருபத்தேழாம் தேதி காலையில் அவர்கள் மூன்றாம் குழியிலிருந்து நான்காம் குழிக்குக் கிளம்பினார்கள். வானம் தெளிவாக இருந்தது. வழி நன்றாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். பத்து மைல் தாண்டியதும் அத்தானின் வண்டிக்குக் கீழே பனி இறங்கிவிட்டது. மேலே பார்க்கத் தரை மாதிரி இருந்தது, அடியில் பிளவு. ஐந்து நாய்களின் வார் அறுந்து அவை மட்டும் மேலே நின்றன. பின்னால் வந்த பிரேபன் விளிம்பில் படுத்துக்கொண்டு மூன்று மணி நேரம் அத்தான் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். பதில் வரவில்லை. ஹெலிகாப்டரில் போனவர்கள் முப்பது மீட்டர் வரை கயிற்றில் இறங்கினார்கள். அதற்கும் கீழே இருட்டு. அன்று மாலையே காற்று பிடித்துக்கொண்டது. மூன்று நாள் அடித்த பனியில் அந்த இடமே மூடிவிட்டது.

தேவாலயத்தில் ஜெபத்துக்கு நான் வரவில்லை. பறக்கும் பருவம் முடியவில்லை, என்னை விட மாட்டேன் என்கிறார்கள். மன்னித்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள் அக்கா.

எனோக்


இலிமனாக்
2 ஜூன் 1998

அன்புள்ள தம்பி எனோக்குக்கு,

நாங்கள் இருக்கிறோம். இவாலு சாப்பிடுகிறாள். நானும் ஒருவாறு சாப்பிடுகிறேன். உன் இருமல் திரும்ப வந்துவிட்டதா? தொலைபேசியில் அப்படித்தான் கேட்டது.

ஜெபத்துக்கு இலுலிசாட்டிலிருந்துகூட ஆட்கள் வந்தார்கள். சவப்பெட்டி இல்லாமல் பாடுவது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. எல்லோரும் எதைப் பார்த்துக்கொண்டு பாடுவது என்று தெரியாமல் என்னையே பார்த்தார்கள். அவர் தம்பி காலேராக் பாதிப் பாட்டில் வெளியே போய்விட்டான். தப்பி வந்த ஐந்து நாய்களை இப்போது அவன்தான் வைத்திருக்கிறான்.

கடைக்கு மறுபடி போக ஆரம்பித்துவிட்டேன். முதல் நாள் எல்லோரும் தேவையில்லாமல் தீப்பெட்டி வாங்கினார்கள்.

உன்னிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். ஒன்று, உன் ரேடாருக்குப் பனிக்குள் இருப்பது தெரியும் என்றாயே. அவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரியுமா? எடுத்துவரச் சொல்லவில்லை. இடம் தெரிந்தால் போதும். இரண்டாவது, வழி நன்றாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். அப்படி நினைக்கும்படி அவர்களுக்கு யார் சொன்னது?

அன்புடன்,
அக்கா


கோபன்ஹேகன்
20 ஜூலை 1998

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் இவாலுவும் சுகமாயிருக்க வேண்டும். பருவம் முடிந்து கோபன்ஹேகன் அலுவலகத்துக்கு வந்துவிட்டேன். பதிவுகளை எல்லாம் கணினியில் ஏற்றிக் கோடுகளை எண்ணும் வேலை. இவாலுவுக்கு ஒரு சிவப்பு மேலங்கி வாங்கி அனுப்பியிருக்கிறேன். அளவு பெரியதாக இருந்தால் அடுத்த வருஷம் போடட்டும்.

நீ கேட்டாயே, ரேடாருக்கு அவர் இருக்கும் இடம் தெரியுமா என்று. தெரியாது அக்கா. எங்கள் ரேடார் ஒரு முழு அடுக்கைப் பார்க்கும். மைல் கணக்கில் ஒரே மாதிரி விரிந்துகிடப்பதைப் பார்க்கும். மனிதன் அளவு சின்னது எதுவும் அதற்குத் தெரியாது.

இங்கே வெயில் கடுமை. ராத்தூக்கம் குறைவு. வேறு விசேஷமில்லை.

எனோக்


இலிமனாக்
28 ஆகஸ்ட் 1998

அன்புள்ள தம்பி எனோக்குக்கு,

நாங்கள் நலம். மேலங்கி சரியாக இருக்கிறது. இவாலு அதைக் கழற்றாமல் திரிகிறாள். க்ரோபெர்ரிப் பழம் பறிக்கப் போகும்போதும் அதுதான். முன்பக்கம் முழுக்கக் கறை. உன் மருமகள் உனக்கு நன்றி சொல்லச் சொன்னாள்.

போன வாரம் பிரேபன் படகில் வந்திருந்தார். யாரும் வரச்சொல்லவில்லை, அவராக வந்தார். பாவம், எங்கள் வீட்டு நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். காபி மூன்று தடவை ஊற்றினேன், மூன்று தடவையும் ஆறவிட்டார். சாயங்காலப் படகு வரும்வரை பேசிக்கொண்டிருந்தார். நிறையச் சொன்னார். உன்னைப் பற்றியும் சொன்னார்.

செப்டம்பரில் ஒரு வாரம் வந்துவிட்டுப் போயேன். காலேராக் ஒரு கலைமான் அடித்து வைக்கிறேன் என்கிறான். கடல் உறைவதற்குள் வந்தால் படகிலேயே வந்துவிடலாம்.

நான் கேட்ட இரண்டு கேள்வியில் ஒன்றுக்குத்தான் பதில் எழுதியிருக்கிறாய். இன்னொன்றை மறந்திருப்பாய். எழுத வேண்டும் என்று ஏதாவது இருந்தால் எழுது. எவ்வளவு நீளமாக இருந்தாலும் படிப்பேன்.

அன்புடன்,
அக்கா பிபியானே


கோபன்ஹேகன்
5 டிசம்பர் 1998

அன்புள்ள அக்காவுக்கும் இவாலுவுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். நான் சுகம். நீங்களும் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் பக்கம் இந்நேரம் சூரியன் போயிருக்கும். ஜனவரியில் அது திரும்பும்போது இவாலுவை எனக்காகவும் கை தட்டச் சொல்.

செப்டம்பரில் வர முடியவில்லை. வேலை அதிகம். கோடுகளை எண்ணி முடித்து அறிக்கை தயாராகிக்கொண்டிருக்கிறது. அத்தான் தோண்டிய மூன்று குழிகளைக் கொண்டுதான் மொத்தமும் நிற்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவர் பெயர் வரும். மூன்றாம் குழியில் ஒரு மீட்டர் பதினெட்டு. பந்தயத்தில் ஜெயித்தது அவர்தான்.

எழுத வேண்டும் என்று பல நாள் உட்காருகிறேன். என்ன எழுதுவது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். சாக்லேட் பெட்டி ஒன்று தனியாக வருகிறது.

எனோக்


இலிமனாக்
1 மார்ச் 1999

அன்புள்ள தம்பி எனோக்குக்கு,

நலம். உன் நலமறிய ஆவல். சாக்லேட் வந்தது. பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் ஒன்றுமில்லை, எழுதவில்லை, அவ்வளவுதான்.

ஒரு விஷயம். உங்கள் ஆட்கள் இந்த வருஷமும் குழி தோண்டப் போகிறார்களாம். போன வருஷம் விட்டுப்போன நான்காவதும் ஐந்தாவதும். காலேராக்கைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அவனும் சரி என்று சொல்லிவிட்டான். நான் தடுத்துப் பார்த்தேன். "அண்ணன் பாதியில விட்ட வேலை அண்ணி, நான் முடிக்காம வேற யாரு முடிப்பா?" என்கிறான். ஏப்ரல் பத்தாம் தேதி கிளம்புகிறான். வரைபடம் வந்திருக்கிறது. மூன்றாம் குழியிலிருந்து நான்காம் குழிக்கு அதே கோடுதான் போட்டிருக்கிறார்கள், அந்தப் பிளவை மட்டும் அரை மைல் சுற்றிக்கொண்டு.

உங்கள் அலுவலகத்துக்குக் கடிதம் போட்டால் டேனிஷில் மூன்று வரி பதில் வரும். அதனால் உன்னைக் கேட்டு எழுதச் சொல்லி காலேராக் என்னிடம் வந்தான். கடை மேசையில் சாய்ந்துகொண்டு அவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

"எனோக் மச்சான்கிட்ட கேளுங்க அண்ணி. வழி எப்படி?"

அக்கா


கோபன்ஹேகன்
9 மார்ச் 1999

அக்கா,

காலேராக்கை அந்தக் கோட்டில் போகவிடாதே. அரை மைல் சுற்றினால் போதாது. அங்கே இருப்பது ஒரு பிளவு இல்லை, பதினொன்று. எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் நான் பத்து மாதமாக உனக்கு எழுதாமல் இருக்கிறேன்.

ஏப்ரல் இருபத்தாறாம் தேதி மத்தியானம் நாங்கள் அந்த வழியின் மேல் பறந்தோம். தெற்கே போய்த் திரும்பி, அந்தக் கோட்டுக்கு வந்தோம். திரையில் மறுபடியும் அந்தக் கவிழ்ந்த கிண்ணங்கள் விழுந்தன. விமானம் திரும்பும்போது விழுகிற வளைவுதான் என்று முதலில் நினைத்தேன். அது பொய்யில்லை. ஆனால் விமானம் நேரான பிறகும் விழுந்தன. நேராகிவிட்டது என்பது எனக்குத் தெரியும், அக்கா. ஜன்னலில் இறக்கை சமமாக இருந்ததைப் பார்த்தேன். விபேகே இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தேன். மேசையில் அன்று காலையில் கவிழ்த்துவைத்த கிண்ணம் நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். பதிவு இருக்கத்தானே போகிறது, தளத்தில் இறங்கி நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இறங்கியபின் சாப்பிடப் போனேன். பார்க்கவில்லை.

மறுநாள் காலை ரேடியோவில் அத்தான் கேட்டார்: "மச்சான், நேத்து இந்தப் பக்கம் பறந்தீங்களே, வழி எப்படி?"

தெரியலை, பாத்துட்டுச் சொல்றேன் என்று சொல்லியிருக்கலாம். பத்து நிமிஷ வேலை. அறையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தெரியவில்லை என்று அவர்கள் முன்னால் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எல்லாம் தட்டையா இருக்கு அத்தான். மேசை மேல துணி விரிச்ச மாதிரி. தைரியமா வாங்க" என்றேன். நம் மொழியில்தான் சொன்னேன். அறையில் இருந்த யாருக்கும் புரியவில்லை.

சேதி வந்த அன்று சாயங்காலம் பதிவை எடுத்துப் பார்த்தேன். மூன்று மைல் தூரத்துக்குள் பதினொரு வளைவு. ஒன்றுகூடத் தப்பாமல் தெளிவாக இருந்தது. அந்தத் துண்டை அச்செடுத்து மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டேன். விசாரணை நடந்தபோது, முந்தின நாள் பறந்ததில் குறிப்பிடும்படி ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னேன். கையெழுத்தும் போட்டேன். அறிக்கைக்கு வேண்டியது அடுக்குக் கோடுகள் மட்டும், அதனால் வளைவு வளைவாக வருவதை எல்லாம் கணினியில் அழித்துவிட்டுத்தான் எண்ணுவோம். அந்தப் பகுதியை அழிக்கும் வேலையும் என்னிடம்தான் வந்தது. செய்தேன். வரைபடம் போட்டவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லாதது போலத் தெரிந்ததற்குக் காரணம் அதுதான்.

பறக்கும் பருவம் முடியவில்லை, விட மாட்டேன் என்கிறார்கள் என்று எழுதியதெல்லாம் பொய். ஜெபத்துக்குப் போ என்று விபேகேதான் சொன்னார். உன் வீட்டு வாசலில் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இவாலு முகத்தைப் பார்க்க முடியாது என்று நினைத்தேன். மேலங்கி அனுப்பினேன்.

உன் கடிதம் இன்று காலையில் வந்தது. அந்த அச்சை எடுத்துக்கொண்டு நேராக விபேகேயின் அறைக்குப் போனேன். மேசையில் விரித்து வைத்தேன். வெகுநேரம் பார்த்தார். விரலால் ஒவ்வொரு வளைவாகத் தொட்டு எண்ணினார்.

"இது எப்ப எடுத்தது?"

"ஏப்ரல் இருபத்தாறு."

"அன்னிக்கே பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலே? நான் ரெண்டு சீட்டு தள்ளித்தானே இருந்தேன்?"

கிண்ணத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு சின்ன விஷயம் என்று எனக்குக் கேட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அந்த முதல் கிண்ணத்தைக் கவுத்து வச்சது நான்தான் எனோக். சும்மா விளையாட்டுக்கு" என்றார். அந்த வழியை இன்றே ரத்து செய்துவிட்டார். வடக்கே சுற்றிப் போகும் புது வழியைப் போன வருஷத்துப் பதிவுகள் எல்லாவற்றையும் வைத்து, அழிக்காத மூலப் பதிவை வைத்து, இன்னும் இரண்டு பேர் பார்த்துக் குறிக்கிறார்கள். நான் பார்க்கவில்லை. என் கண்ணை இனி யாரும் நம்ப வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். விசாரணையில் சொன்னதையும் திருத்தி எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர்கள் செய்வதைச் செய்யட்டும். இந்தப் பருவத்துக்கு விமானத்தில் எனக்கு இடமில்லை.

தபால் சேர ஒரு வாரம் ஆகும். அதனால் இன்றே இலுலிசாட்டுக்குத் தொலைபேசி செய்து, புது வரைபடம் வரும்வரை கிளம்பக் கூடாது என்று காலேராக்கிடம் சொல்லச் சொல்லிவிட்டேன். உன் கடைக்கும் போட்டிருக்கலாம். நீ எடுத்திருப்பாய். உன் குரலைக் கேட்டிருந்தால் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை அக்கா. கேட்பதற்கு வாய் வேண்டும்.

எனோக்


இலிமனாக்
17 மே 1999

எனோக்,

நாங்கள் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் போலவும் இருக்கிறது, வேண்டாம் போலவும் இருக்கிறது.

உன் கடிதம் மார்ச் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமைப் பையில் வந்தது. கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். கடிதத்தின் கனத்தைக் கையில் பார்த்ததுமே இது என்ன கடிதம் என்று தெரிந்துவிட்டது. எல்லோருக்கும் அவரவர் தபாலைக் கொடுத்து, இரண்டு பேருக்குக் காபித்தூள் நிறுத்துக் கொடுத்து, அப்புறம் கதவைச் சாத்திவிட்டுப் படித்தேன்.

முதலில் நல்ல சேதி. காலேராக் நேற்று மத்தியானம் திரும்பி வந்தான். வடக்கே சுற்றிப் போனதில் நாலு நாள் கூடுதல். நாலாவதும் ஐந்தாவதும் தோண்டியாயிற்று. மூக்கு நுனி கறுத்திருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறான். இப்போது உள்ளே தூங்குகிறான். இவாலு அவன் பூட்ஸை எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். நீ சொல்லியிராவிட்டால் அந்தப் பூட்ஸ் இங்கே இருந்திருக்காது. இதை நான் மறக்க மாட்டேன்.

அடுத்தது. நீ சொன்னது எனக்குப் புதிதில்லை. பிரேபன் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார். அன்று காலை அத்தானின் ரேடியோ பக்கத்தில் அவரும் இருந்தார், நம் மொழி அவருக்குப் புரியாது என்று நினைத்தாய். எட்டு வருஷம் பெரும்பனியில் அலைந்தவர், வழி, தட்டை, தைரியம் என்பதெல்லாம் புரியாமலா இருக்கும். உன் பெயரை விசாரணையில் சொல்லவா என்று என்னைக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தார். வேண்டாம், என் தம்பி அவனே சொல்வான் என்றேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். உன் அத்தான் எப்போதும் நீளத் தடியால் பனியைக் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டுதான் வண்டிக்கு முன்னால் நடப்பாராம். அன்று தடியை வண்டியில் வைத்துக் கட்டிவிட்டாராம். என்ன இது என்று பிரேபன் கேட்டதற்கு, "மேலேருந்து என் மச்சான் பாத்துச் சொல்லிட்டான். இனிமே இந்தக் குச்சி எதுக்கு?" என்றாராம். அப்படிச் சிரித்துச் சொன்னாராம்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருப்பது உனக்கு நல்லது. என் பங்கும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். கிளம்புவதற்கு முந்தின நாள் அவருக்கு மனம் சரியில்லை. "பழக்கமில்லாத பனி பிபியானே. நமக்கெதுக்கு?" என்றார். நான்தான், "மேலே எனோக் இருக்கான்ல, அப்புறம் என்ன பயம்?" என்று சொல்லி அனுப்பினேன். உனக்கு எழுதிய முதல் கடிதத்தில் அவர் சிரித்ததை மட்டும் எழுதினேன், இதை எழுதவில்லை. எனக்கும் எழுத வரவில்லை, பார்த்தாயா.

நீ வாயை மூடிக்கொண்டதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. டேனிஷ் பள்ளிக்கூடத்தில் உன்னைக் கேலி செய்தார்கள் என்று ஒரு வருஷம் வீட்டில்கூடப் பேசாமல் இருந்தவன் நீ. எனக்குப் பொறுக்காதது வேறு. ஜூனிலிருந்து ஒவ்வொரு வியாழக்கிழமையும் அந்தப் பையை அவிழ்க்கும்போது இன்று இருக்கும், இன்று இருக்கும் என்று பார்த்தேன். மேலங்கி வந்தது. சாக்லேட் வந்தது. வெயில் கடுமை என்று வந்தது. ராத்திரி இவாலுவைத் தூங்கவைத்துவிட்டு, நீ இல்லாத நாற்காலியைப் பார்த்துப் பேசியிருக்கிறேன்.

அன்றைக்கே வந்திருந்தால் உன்னை அடித்திருப்பேன். ஊரைக் கூட்டிக் கத்தியிருப்பேன். அப்புறம் நீயும் நானும் ஒன்றாக உட்கார்ந்து அழுதிருப்போம். அவருக்காக அழ இந்த உலகத்தில் என்னளவுக்குத் தகுதியான ஆள் நீ ஒருவன்தான். இப்போது நான் அழுது முடித்துவிட்டேன் எனோக். இந்த ஜனவரியில் சூரியன் திரும்பி வந்தபோது அது முடிந்துவிட்டதைக் கவனித்தேன். நீ இனிமேல்தான் ஆரம்பிக்க வேண்டும், அதுவும் தனியாக. அதற்குத்தான் எனக்கு வருத்தம்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் பெயருக்கு ஒரு சிலுவை நட்டிருக்கிறோம். கீழே ஒன்றுமில்லை. குளிர்காலக் காற்றில் வெள்ளைப் பெயிண்ட் முழுக்க உரிந்து, வெறும் பலகையாக நிற்கிறது. பனி உருகியதும் அடித்துவிடுகிறேன் என்று காலேராக் பெரும்பனிக்குப் போகுமுன்பே பெயிண்ட் டப்பாவோடு வந்தான். நான் வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டேன்.

ஜூலையில் படகு வாரம் இரண்டு தடவை வருகிறது. உன்னைப் பார்த்ததும் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. பெயிண்ட் டப்பா கடையில், தபால் பை வைக்கிற அலமாரிக்குக் கீழே இருக்கிறது. பிரஷ் நீ வாங்கி வா.

அக்கா